ஊஞ்சல் நிற்கும் கணக்கு

2001-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 25-ந் தேதி இரவு எட்டரை மணிக்குச் சில நிமிஷங்கள் முன்னதாக, விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்து ஊஞ்சல் தானாக ஆடிற்று. சுவரில் மாட்டியிருந்த படங்கள் ஒரு தரம் படபடவென்று அடித்துக்கொண்டு ஓய்ந்தன. அலமாரியில் இருந்த வெண்கலப் பாத்திரங்கள் சற்றே கிணுகிணுத்தன. பூஜை அறையிலிருந்து வெளியே வந்த பாட்டி, "யாருடா ஊஞ்சலை ஆட்டிவிட்டு எழுந்து போனது?" என்று அதட்டினாள். கூடத்தில் யாருமே இல்லை. தெருவில் கூச்சல் கிளம்பிய பிறகுதான் விஷயம் புரிந்தது. புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்திருக்கிறது. அளவு ஏறக்குறைய 5.5 என்று மறுநாள் பத்திரிகைகளில் படித்தோம். விழுப்புரம், திண்டிவனம், சென்னை எங்கும் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே ஓடி வந்து நின்றார்கள். அந்த வருஷம் ஜனவரி 26-ந் தேதிதான் குஜராத்தில் புஜ் நகரம் நொறுங்கியிருந்தது. ஆகையால் அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

நான் அப்போது பௌதிக சாஸ்திரம் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவன். ஆயினும் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றை நான் கேட்கவில்லை. சுவர்கள் இரண்டொரு விநாடியில் அமைதியடைந்து விட்டன. ஊஞ்சலோ, நாங்கள் தெருவில் நின்று அக்கம்பக்கத்தாரோடு பேசிவிட்டு உள்ளே திரும்பி வந்த பிறகும் மெள்ள அசைந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஆட்டிவைத்தது ஒரே பூமிதான். பிறகு ஒன்று ஏன் உடனே நின்றது, மற்றொன்று ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்வியை என் பழைய மாணாக்கன் ஒருவன் இருபது வருஷங்களுக்குப் பிறகு, ஓடும் ரயிலில், என் தலையில் கொண்டுவந்து போட்டான்.

விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்தில் உபாத்தியாயம் பண்ணுகிறவனுக்கு ரயில் வண்டி இரண்டாவது வீடு. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஸ்டேஷன்கள் கழியும்போது விடைத்தாள் திருத்தலாம், தூங்கலாம், பழைய மாணாக்கர்கள் அகப்பட்டால் பேசலாம். மேற்படி மாணாக்கன் சென்னையில் கட்டட எஞ்ஜினீயராக இருக்கிறான். அன்று அவன் முகம் சரியாக இல்லை.

"என்னப்பா, ஊருக்குப் போய் வருகிறாயே, வீட்டில் எல்லாரும் சௌக்கியந்தானே?" என்றேன்.

"சௌக்கியந்தான், ஸார். ஒரு தண்ணீர்த் தொட்டி விஷயமாகத்தான் கவலை. கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் தொட்டி தேறுகிறது, மாற்றாவிட்டால் தேறவில்லை. அந்த எண் எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்லவில்லை. மேலே இருப்பவர், தேறிய கணக்கை அனுப்பிவிடு என்கிறார்" என்றான்.

அந்த எண்ணுக்குத் 'தணிவு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். பள்ளிப் பாட புத்தகத்தில் 'தடையுறு அலைவு' என்று வரும். எஞ்ஜினீயர்கள் 'டாம்பிங்' என்பார்கள். பெயர் புதிதே தவிர, விஷயம் நம் வீட்டு ஸ்திரீகளுக்குத் தெரியாததல்ல. சந்தையில் மண் பானை வாங்குகிறவள் விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்க்கிறாள். கணீரென்று ஒலித்தால் பானை நல்லது. சொத்தென்று ஒலித்தால் எங்கேயோ கீறல் இருக்கிறது. வெள்ளி ரூபாய் வழங்கிய காலத்தில் கடைக்காரர் நாணயத்தைக் கல்லின் மீது சுண்டிப் பார்த்ததும், பெரிய ஜங்ஷன்களில் ரயில் நின்றவுடன் ஓர் ஆள் நீண்ட பிடியுள்ள சுத்தியலால் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போனதும் இதே பரீக்ஷைதான். அடித்த அடியின் சக்தி அந்தப் பொருளில் எத்தனை நேரம் தங்குகிறது, எத்தனை சீக்கிரம் மாய்கிறது என்பதைக் காது அளக்கிறது. கீறலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உராய்ந்து அந்தச் சக்தியைச் சூடாக்கித் தின்றுவிடுகின்றன.

கீறல் இல்லாத பொருளும் கொஞ்சம் தின்னத்தான் செய்கிறது. செம்பும் தகரமும் கலந்து வார்த்த மணி மிகக் குறைவாகத் தின்னும். அதனால்தான் கோயில் மணியின் கார்வை தெருக்கோடி வரை கேட்கிறது. வார்ப்பிரும்பினுள் காரீயத் துணுக்குகள் ஏடு ஏடாகப் பரவியிருப்பதால் அது அதிகம் தின்னும். கடைசல் யந்திரத்தின் அடிப்பீடத்தை வார்ப்பிரும்பில் செய்வதற்கு இது ஒரு காரணம். (மாணவர்கள் பென்சிலில் எழுதுகிற காரீயந்தான் இது, ஈயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.) காங்கிரீட்டில் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகள் ஏராளம், எஃகுக் கட்டடத்தில் ஆணியும் திருகும் சேரும் இடங்கள் ஏராளம். இவையெல்லாம் ஒவ்வோர் அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை விழுங்குகின்றன.

இதை எப்படி எண்ணால் சொல்வது? வங்கிகளில் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவைப் பார்த்திருப்பீர்கள். திறந்து விட்டால் முன்னும் பின்னும் ஆடாமல் ஒரே போக்கில் வந்து மூடிக்கொள்ளும். ஆட்டத்தை அடியோடு இல்லாமற் செய்வதற்குப் போதுமான அந்தத் தணிவை நூறு என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதில் இத்தனை சதவிகிதம் என்பார்கள். காங்கிரீட் கட்டடங்களுக்கு வழக்கமாக 5 சதவிகிதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 5 சதவிகிதம் என்றால், 100 அங்குலம் போன ஆட்டம் அடுத்த முறை 73 அங்குலந்தான் போகும். பத்து ஆட்டம் கழிந்தால் 4 அங்குலம் மிஞ்சும். 1 சதவிகிதமாக இருந்தால் பத்து ஆட்டத்துக்குப் பிறகும் 53 அங்குலம் இருக்கும். கட்டடத்தின் இயற்கையான ஆட்டமும் பூமியின் ஆட்டமும் தாளம் பொருந்தி நெடுநேரம் நடந்தால் இன்னும் விபரீதம்: 5 சதவிகிதத் தணிவுள்ள கட்டடம் பூமியைப் போல் 10 மடங்கு ஆடும், 2 சதவிகிதமானால் 25 மடங்கு, 1 சதவிகிதமானால் 50 மடங்கு. இத்தனை பெரிய வித்தியாசத்தை இத்தனை சிறிய ஓர் எண் செய்துவிடுகிறது. பையன் கவலைப்பட்டதில் பிசகில்லை.

பாட்டியின் ஊஞ்சலுக்கும் இங்கே விடை கிடைத்துவிடுகிறது. எங்கள் வீடு போன்ற தாழ்ந்த வீடு விநாடிக்குப் பல தரம் அதிரும். ஒவ்வோர் அதிர்விலும் கால் பங்கை இழக்கும். பத்து அதிர்வு முடிய இரண்டு விநாடி போதும். ஊஞ்சல் ஒரு தரம் போய் வரவே சுமார் மூன்று விநாடி ஆகும்; இரும்புச் சங்கிலியின் கொக்கியும் காற்றும் தவிர அதைத் தடுப்பார் யாரும் இல்லை.

இனி, மாணாக்கனின் தொழிலுக்கு வருவோம். ஒரு கட்டடம் பூகம்பத்தைத் தாங்குமா என்று பார்க்க, அதைக் கட்டி ஆட்டிப் பார்க்க முடியாது. ஆகவே கம்ப்யூட்டரில் எண்களாலேயே ஒரு கட்டடத்தை எழுப்பி, எங்கோ எப்போதோ கருவிகளில் பதிவான ஒரு பூகம்பத்தை அதன் காலடியில் ஓட்டுகிறார்கள். ஒரு விநாடியை நூறாகவோ ஆயிரமாகவோ நறுக்கி, ஒவ்வொரு நறுக்கிலும் எந்தத் தூண் எவ்வளவு வளைந்தது என்று கணிக்கிறார்கள். இதற்கு மூன்று சங்கதி வேண்டும்: எடை, விறைப்பு, தணிவு. எடையை வரைபடத்திலிருந்து கணக்கிடலாம். விறைப்பைக் காங்கிரீட்டை அமுக்கிப் பார்த்து அறியலாம். தணிவுக்கு மட்டும் அப்படி ஒரு வழி கிடையாது. கட்டி முடித்த கட்டடத்தைத்தான் அளக்க முடியும். அதுவும் சிறு அசைவில் ஓர் எண்ணும் பெரிய அசைவில் வேறோர் எண்ணும் காட்டும். ஆகையால் அனுபவத்தையும் விதி நூலையும் நம்ப வேண்டியிருக்கிறது. நம் நாட்டுப் பூகம்ப விதி நூலின் 2002-ஆம் வருஷப் பதிப்பில் எஃகுக்கு 2, காங்கிரீட்டுக்கு 5 என்று இருந்தது. 2016-ஆம் வருஷப் பதிப்பில் எதனால் கட்டினாலும் 5 என்று ஆயிற்று. எஃகின் ஸ்வபாவம் இடையில் மாறிவிடவில்லை. கணக்குப் போடுகிறவர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு மாறிற்று, அவ்வளவுதான்.

தொல்லை இத்தோடு தீரவில்லை. அளவு தெரிந்தாலும் அதை எந்த ரூபத்தில் கணக்கினுள் நுழைப்பது என்பது தனி வழக்கு. 1927-இல் அமெரிக்காவில் கிம்பால், லவெல் என்ற இருவர், நுனியில் எடை தொங்கவிட்ட தண்டுகளைச் சுழலவிட்டு, பலவகைத் திடப்பொருள்களின் உள் உராய்வை அளந்தார்கள். வேகமாக ஆட்டினாலும் மெதுவாக ஆட்டினாலும் ஓர் ஆட்டத்துக்குப் பொருள் தின்னும் சக்தி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எண்ணெயில் துடுப்பை அசைப்பதற்கு இது நேர் மாறு. எண்ணெயில் வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும்; கல்லும் இரும்பும் அப்படி இல்லை.

நல்லது, அப்படியே எழுதிவிட்டால் போகிறது என்று தோன்றும். ஒரே தாளத்தில் ஆடும் யந்திரத்துக்கு அப்படி எழுதலாம், எழுதியும் வருகிறார்கள். பூகம்பம் ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. நூறு தாளம் ஒன்றாகக் கலந்து வருகிறது. விநாடி விநாடியாகப் போகிற கணக்குக்கு இந்த நிமிஷமும் கழிந்த நிமிஷமும் தெரியுமே ஒழிய, இப்போது நடப்பது எந்தத் தாளத்தின் எத்தனையாவது ஆட்டம் என்று தெரியாது. பிடிவாதமாக அந்த விதியைக் காலத்தில் எழுதினால் ஓர் அபத்தம் நேர்கிறது: அடி விழுவதற்கு முன்பே பொருள் அசைய ஆரம்பித்துவிடுகிறது! அடி விழுமுன் அழுகிற குழந்தையை நாம் பார்த்திருக்கிறோம். கல் தூண் அவ்விதம் செய்யாது. க்ராண்டால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970-இல் இந்த முரண்பாட்டை விளக்கிக் காட்டினார்.

ஆகவே எஞ்ஜினீயர்கள் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். இங்கிலாந்தில் ராலே பிரபு என்ற விஞ்ஞானி இருந்தார். ஆர்கன் வாயுவைக் கண்டதற்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1877-இல் ஒலியைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் கணக்கின் சௌகரியத்துக்காக ஒரு வழி காட்டியிருந்தார். எடையில் ஒரு பங்கையும் விறைப்பில் ஒரு பங்கையும் கூட்டித் தணிவு என்று வைத்துக்கொண்டால் சமன்பாடுகள் சிக்கலின்றிப் பிரிந்து வரும் என்பது அது. இன்றைக்கு உலகமெங்கும் பூகம்பக் கணக்குகளில் பெரும்பகுதி இந்தப் பாகத்தைத்தான் உபயோகிக்கிறது. இரண்டு பங்குகள் இருப்பதால், இரண்டு தாளங்களில் மட்டும் நாம் விரும்பிய தணிவைச் சரியாக அமைக்கலாம். மற்றத் தாளங்களில் அது தன் இஷ்டப்படி போகும். அந்த இஷ்டத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

பையனின் காகிதத்தை வாங்கி ரயிலிலேயே கணக்குப் போட்டோம். விநாடிக்கு 1 ஆட்டம், விநாடிக்கு 10 ஆட்டம் என்ற இரண்டு இடங்களில் 5 சதவிகிதம் இருக்கும்படி அவன் அமைத்திருந்தான். நடுவில், விநாடிக்கு 3 ஆட்டத்தின் அருகில், தணிவு 2.9 சதவிகிதத்துக்குத் தாழ்கிறது. அது பரவாயில்லை, தணிவு குறைந்தால் கட்டடம் அதிகம் ஆடுவதாகத் தெரியும், ஜாக்கிரதையாகக் கட்டுவோம். மேலே, விநாடிக்கு 40 ஆட்டத்தில், 18.3 சதவிகிதம். கீழே, நான்கு விநாடிக்கு ஓர் ஆட்டம் என்ற மந்த கதியிலும் அதே 18.3 சதவிகிதம்.

"நான்கு விநாடிக்கு ஓர் ஆட்டம் என்பது உன் தொட்டியில் எது?" என்று கேட்டேன்.

சிறிது யோசித்தான். "தண்ணீர், ஸார்" என்றான். அப்புறம் மயிலம் தாண்டும் வரையில் பேசவில்லை.

மேல்நிலைத் தொட்டி ஆடும்போது உள்ளே இருக்கும் நீர் முழுவதும் தொட்டியோடு சேர்ந்து ஆடுவதில்லை. அடிப்பகுதி சுவரோடு ஒட்டி நகரும். மேற்பகுதி தனியாகத் தளும்பும். அவன் தொட்டி சுமார் 14 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீராழமும் உள்ளது. ஒன்பது லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். அந்த அளவுக்கு நீர் ஒரு தரம் தளும்பித் திரும்ப நான்கு விநாடி சுமார் ஆகும். குடம் சுமந்து பழகியவர்களைக் கேளுங்கள்; தளும்ப ஆரம்பித்த நீர் இலேசில் அடங்காது. அதற்காகத்தானே நம் பெண்மணிகள் குடத்து வாயில் ஒரு கொத்து இலையைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள்! நீரின் தணிவு அத்தனை சொற்பம். 2014-இல் நீர்த்தொட்டிகளுக்கென்று வெளியான விதி நூலின் தனிப் பகுதி, தளும்பும் நீருக்கு அரை சதவிகிதம் என்றுதான் அனுமதிக்கிறது. அரை சதவிகிதம் என்றால் 100 அங்குல அலை அடுத்த தரம் 97 அங்குலம். பையனின் கணக்கிலோ அந்த அலை ஒரே தளும்பலில் 31 அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. நீர் இருக்க வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் தேனை ஊற்றி வைத்திருந்தது என்று சொல்லலாம். காங்கிரீட்டுக்கு என்று கொடுத்த எண், எடையின் பங்கு வழியாகத் தண்ணீரிலும் ஏறிவிட்டது. தூண்களைப் பற்றி வந்த விடையைச் சந்தேகித்துக் கொண்டிருந்தவன், கூரையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

இது வெறும் காகிதச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். புஜ் பூகம்பத்தில் பல மேல்நிலைத் தொட்டிகளின் காங்கிரீட் தண்டுகளில் வளையம் வளையமாக விரிசல் கண்டது. வீடு இடிந்து, தீப்பிடித்து, காயம்பட்டவர்கள் தாகமென்று கேட்கிற நாளில் ஓர் ஊருக்கு முதலில் வேண்டியது அந்தத் தொட்டியில் இருக்கும் தண்ணீர்.

தணிவுக் கணக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் கொய்னாவுக்கு வந்து சேருவார்கள். மகாராஷ்டிரத்தில் கொய்னா நதியின் குறுக்கே 103 மீட்டர் உயரத்தில் ஒரு காங்கிரீட் அணை இருக்கிறது. அந்தப் பிரதேசம் பூகம்பத்துக்கு இலக்காகாதது என்ற நம்பிக்கையில், பூமியின் ஈர்ப்பில் 5 சதவிகிதத்துக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்கினால் போதும் என்று அதை வகுத்தார்கள். 1967-ஆம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி விடியற்காலையில், ஊர் உறங்கும் நேரத்தில், பூமி குலுங்கிற்று. கொய்னாநகர் தரைமட்டமாயிற்று, நூற்றெழுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அணையினுள் வைத்திருந்த கருவி, நதியின் போக்கில் ஈர்ப்பின் 49 சதவிகிதம் அளவுக்கு அதிர்வு எழுந்ததைப் பதிவு செய்தது. வகுத்ததைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அணை நின்றது. ஆனால் உயரமான பகுதிகளில், உச்சியிலிருந்து சுமார் 36 மீட்டர் கீழே, பின்புறச் சரிவு திடீரென்று மாறும் இடத்தில், முன்னும் பின்னும் கிடையாக விரிசல்கள் கண்டன. உள்ளே தேங்கியிருந்த நீரின் ஆழம் 90 மீட்டருக்கு மேல். அந்த விரிசல் இன்னும் சற்று ஆழமாகப் போயிருந்தால் கீழே இருந்த கிராமங்கள் என்ன கதி அடைந்திருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலையில் பேராசிரியராக விளங்கிய அனில் சோப்ரா என்ற நம் நாட்டவர், சக்ரவர்த்தி என்பவருடன் சேர்ந்து 1973-இல் இந்த அணையின் ஆட்டத்தை விநாடி விநாடியாகக் கணித்து வெளியிட்டார். விரிசல் கண்ட அதே இடத்தில்தான் காங்கிரீட் தாங்க முடியாத இழுப்பு எழுகிறது என்று கணக்கு காட்டிற்று. அது முதல், புதிதாகக் கணக்கு முறை ஒன்று யார் கண்டுபிடித்தாலும் கொய்னாவின் மீதுதான் ஓட்டிப் பார்க்கிறார்கள். பூகம்பத்தின் பதிவும் இருக்கிறது, விரிசலின் இடமும் தெரிகிறது. இரண்டும் சேர்ந்து கிடைத்த பெரிய அணைகள் உலகில் வெகு சில. விடை அச்சிட்ட பயிற்சிக் கணக்கு மாதிரி.

அந்தப் பயிற்சியில் ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. அணையின் முதல் ஆட்டம் விநாடிக்குச் சுமார் மூன்று. விறைப்பின் பங்கை மட்டும் கொண்டு அதற்கு 3 சதவிகிதத் தணிவு கொடுப்பது பலர் கையாண்ட வழக்கம். 3 சதவிகிதம் என்று கேட்டால் மிகவும் அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வகைத் தணிவு, இரண்டு புள்ளிகள் எத்தனை வேகமாக ஒன்றை விட்டு ஒன்று விலகுகின்றனவோ அத்தனை பலமாக அவற்றை இழுத்துப் பிடிக்கும். சாதாரண ஆட்டத்தில் அந்த வேகம் அற்பம். காங்கிரீட் பிளக்கிற கணத்திலோ விரிசலின் இரு உதடுகளும் வெகு வேகமாக அகலுகின்றன. உடனே கணக்கில் ஒரு பெரிய எதிர்விசை முளைத்து, பிளந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காங்கிரீட்டின் இழுவைப் பலம் போய்விட்டது; ஆனால் எண்களால் ஆன ஒரு கள்ளப் பசை அந்த இடத்தை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது! நிஜ அணையில் அப்படி ஒரு பசை ஏது? கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹால் என்ற பேராசிரியர் 2006-இல் எழுதிய கட்டுரையில் இந்தத் துர்ப்பிரயோகத்தைப் பற்றி எச்சரித்தார். உடையாத கட்டடத்தின் விறைப்பைக் கொண்டு தணிவை வகுத்துவிட்டு, உடைந்த பிறகும் அதையே வைத்துக்கொண்டால் இந்தக் கதிதான் என்பது அவர் வாதத்தின் சாரம். உடைந்த பிறகு மீந்திருக்கும் விறைப்பைக் கொண்டு தணிவையும் குறைத்துக்கொண்டு வருவது ஒரு வழி. தணிவின் விசை இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று உச்ச வரம்பு கட்டுவது மற்றொரு வழி.

வேறு உபாயங்களும் உண்டு. வில்லும் எண்ணெய்க் குழலும் கோத்த சிறு சிறு ஜோடிகள் பலவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாளத்தைக் கவனித்துக்கொள்ளும்படி செய்தால், கிம்பாலும் லவெலும் கண்ட சமமான தணிவுக்கு வெகு அருகில் வரலாம். பொருளுக்குக் கழிந்ததை நினைவு வைத்துக்கொள்ளும் குணத்தை இப்படி ஊட்டுகிறார்கள். வேலை அதிகம், கம்ப்யூட்டருக்கு நேரமும் அதிகம். ஆகையால் அவசரக்காரர்கள் அண்டுவதில்லை. காலத்தை நறுக்கும் முறையே திருட்டுத்தனமாகக் கொஞ்சம் தணிவைச் சேர்த்துவிடுவதும் உண்டு. 1959-இல் நியூமார்க் என்பவர் வகுத்த முறையை ஒரு விதமாக அமைத்தால் அந்தத் திருட்டு இல்லை. வேறு சில முறைகளில் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். விடையைக் கையில் வாங்குகிறவர் இதையும் விசாரித்தாக வேண்டும். என் அபிப்பிராயத்தில், கணக்கின் முதல் பக்கத்திலேயே, எந்தத் தாளத்தில் எத்தனை சதவிகிதம் என்று ஒரு சிறு படம் வரைந்து ஒட்டாத அறிக்கையில் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. அரை மணி நேர வேலை. நாங்கள் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போவதற்குள் முடித்துவிட்டோம்.

2024-ஆம் வருஷம் டிசம்பரில் பெஞ்சல் புயல் மழை கொட்டிய சமயம், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்ததால் ரயில்கள் ஓடவில்லை. அன்று ஸ்டேஷனில் காத்திருந்து வீடு திரும்பியவர்களில் நானும் ஒருவன். பாலத்தை நிபுணர்கள் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை வண்டி வராது என்றார்கள். முணுமுணுத்தவர்கள் பலர். எனக்கு என்னவோ அந்த ஒரு நாள் விடுப்பு உறுத்தவில்லை.

பத்து நாள் கழித்து மாணாக்கன் டெலிபோனில் பேசினான். நீருக்கு அரை சதவிகிதத்தைத் தனியாகவும், காங்கிரீட்டுக்கு ஐந்தைத் தனியாகவும் பிரித்துக் கொடுத்து மறுபடியும் கணக்கை ஓட்டினானாம். அலையின் உயரம் இரண்டு மடங்குக்கு மேல் எழும்பிக் கூரையின் அடியை முட்டிற்றாம். தூண்கள் 5 சதவிகிதத்தில் தேறுவது நிஜந்தானாம். அதில் மேலே இருப்பவர் சொன்னது சரி. கூரை விஷயத்தில் அவர் முதலில் கோபித்துக்கொண்டு, அப்புறம் தாமே உட்கார்ந்து இரவு பத்து மணி வரை கணக்கைப் பார்த்தாராம். வரைபடத்தில் சுவரை உயர்த்திக் கூரையையும் கனமாக்கித் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். செலவு கூடிற்று என்று ஒப்பந்தக்காரருக்கு மனஸ்தாபம்.

"அடுத்த வேலை ஒரு பழைய இரும்புப் பாலம், ஸார். தணிவு எத்தனை சதவிகிதம் வைத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டான்.

"பாலம் அங்கேயே நிற்கிறதல்லவா? ஒரு வண்டி போன பிறகு எத்தனை ஆட்டத்தில் அது அடங்குகிறது என்று அளந்துகொண்டு வந்து சொல். பிறகு யோசிப்போம்" என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கருவிகளோடு போகிறானாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறான்.